எலிக்குச் சாராயம் ஊற்றிப் பார்க்க இத்தனை காசா?

கேள்வி: மன்னார்குடி வாசகர், ஜூன் 15, 2025

டீச்சர், அமெரிக்காவில் எலிக்குச் சாராயமும் கொக்கெயினும் கொடுத்து, போதைக்கு எந்த மரபணு காரணம் என்று பார்க்க வருடா வருடம் கோடி கோடியாகக் கொட்டுகிறார்களாம். இப்போது அந்தக் காசைக் குறைக்கப் போகிறார்கள் என்று செய்தி வருகிறது. நல்லதுதானே? குடிக்கிறவன் கொழுப்பெடுத்துக் குடிக்கிறான். இதில் எலி வந்து என்ன சொல்லப் போகிறது? அந்தக் காசில் நாலு மறுவாழ்வு மையம் திறக்கலாம்.

ஜூன் 15, இரவு

நல்லதில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் மூன்று பிள்ளைகள். அண்ணன், நான், தம்பி. ஒரே பானைச் சோறு, ஒரே பள்ளிக்கூடம், அப்பா கையில் ஒரே அடி. அண்ணன் கல்யாண வீட்டில் இரண்டு டம்ளர் குடித்துவிட்டு, அடுத்த கல்யாணம் வரை அதை நினைக்கவே மாட்டார். தம்பி முதல் தடவையே மாட்டிக்கொண்டான். அப்பாவுக்கு அந்தப் பக்கமே போகத் தெரியாது, சித்தப்பா கல்லீரல் வீங்கிச் செத்தார். கொழுப்பு என்று சொல்லிவிட்டால் இந்த வித்தியாசம் விளங்கிவிடுமா? அண்ணனுக்கும் கொழுப்பு உண்டு, நான் பார்த்திருக்கிறேன்.

இரட்டையர்களையும் தத்துப்பிள்ளைகளையும் வைத்துப் பல நாடுகளில் கணக்குப் பார்த்திருக்கிறார்கள். குடிநோய் விஷயத்தில் ஆளுக்கு ஆள் இருக்கும் வேறுபாட்டில் ஏறக்குறைய பாதி பரம்பரையால் வருகிறது. அப்பா குடித்தால் பிள்ளை குடிக்கப் பாதி வாய்ப்பு என்று இதைப் புரிந்துகொள்ளக் கூடாது. ஓர் ஊரில் ஒருவர் மாட்டிக்கொள்வதற்கும் இன்னொருவர் தப்பிப்பதற்கும் உள்ள வித்தியாசங்களில் பாதியைப் பிறப்பு சொல்கிறது, மீதியை வாழ்க்கை சொல்கிறது. அவ்வளவுதான்.

அப்புறம், அங்கே வெட்டுகிற டாலர் இங்கே மறுவாழ்வு மையமாக வந்து இறங்காது.

ஜூன் 16

எலி எதற்கு என்று கேட்டீர்கள். மனிதர்களிடம் பிறப்பையும் வீட்டையும் பிரிக்க முடியாது. எலியிடம் முடியும்.

1959இலேயே அமெரிக்காவில் மெக்லெர்ன், ராட்ஜர்ஸ் என்ற இருவர் சுண்டெலி வகைகளை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். சி57 என்ற வகை சாராயக் கரைசலைத் தேடிக் குடித்தது. டிபிஏ என்ற வகை முகர்ந்துவிட்டு ஒதுங்கியது. தீனி ஒன்று, கூண்டு ஒன்று, வகை மட்டும் வேறு.

1970களில் இந்தியானா பல்கலைக்கழகத்தில் டிங்-கை லி குழு இன்னும் ஒரு படி போனது. கூண்டில் இரண்டு பாட்டில் தொங்கும். ஒன்றில் தண்ணீர், மற்றதில் பத்து சதவீதச் சாராயம். யாரும் வாயைப் பிளந்து ஊற்றுவதில்லை. எது எவ்வளவு குறைந்தது என்று பாட்டிலை எடை போட்டுக் குறிப்பார்கள். அதிகம் குடித்ததை அதிகம் குடித்ததோடும், தொடாததைத் தொடாததோடும் சேர்த்து விடுவார்கள். தலைமுறை தலைமுறையாக இதைச் செய்ததில் இரண்டு வம்சம் பிரிந்தது. ஒரு வம்சம் தன் உடல் எடையில் கிலோவுக்கு ஐந்து கிராமுக்கு மேல் தினமும் சாராயம் குடிக்கிறது. மற்றது தண்ணீர்ப் பாட்டிலோடு நிறுத்திக்கொள்கிறது.

அந்த எலிக்குக் கடன் தொல்லை இல்லை, கெட்ட சகவாசம் இல்லை, சினிமா பார்த்துக் கெடவும் இல்லை. ஆனாலும் அந்தப் பாட்டிலுக்குத்தான் போகிறது. சின்ன வயதில் என் தம்பியை எல்லோரும் திட்டிய அத்தனை வார்த்தையும் இங்கே செல்லாது.

ஜூன் 16, மாலை

ஐந்து கிராம் என்பது ஜாஸ்தியா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அறுபது கிலோ ஆளுக்குக் கணக்குப் போட்டால் 300 கிராம். ஒரு குவாட்டர் பிராந்தியில் கிட்டத்தட்ட 60 கிராம் சுத்தச் சாராயம் இருக்கிறது. ஆக, நாளைக்கு ஐந்து குவாட்டர். எலியின் உடம்பு நம்மைவிட வேகமாகச் சாராயத்தை எரித்துவிடும், அதனால் அப்படியே பொருத்திப் பார்க்க முடியாது. ஆனால் ஆசைக்குச் சும்மா ஒரு வாய் வைக்கிற அளவு இல்லை இது.

ஜூன் 19

இனி காசு விஷயம். இதில்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

அமெரிக்காவில் போதைப்பொருள் ஆராய்ச்சிக்கு நைடா என்று ஒரு நிறுவனம், 1974இல் தொடங்கியது. மதுவுக்குத் தனியாக இன்னொன்று, 1970இல் தொடங்கியது. இரண்டும் என்.ஐ.எச். என்கிற தேசிய சுகாதார நிறுவனத்தின் கீழ். நைடாவின் ஆண்டுத் தொகை சுமார் 160 கோடி டாலர். மது நிறுவனத்துக்கு அறுபது கோடி டாலருக்குக் கொஞ்சம் குறைவு. இது முழுக்க எலிக்குப் போவதில்லை. சிகிச்சை, தடுப்பு, மனிதர்கள் மேல் ஆய்வு எல்லாம் இதற்குள்ளேதான். விலங்கு மரபணு வேலை அதில் ஒரு துண்டு.

2026 நிதியாண்டுக்கு அங்கே வெள்ளை மாளிகை வைத்திருக்கும் திட்டம், என்.ஐ.எச்.சுக்கான பணத்தை ஏறக்குறைய நாற்பது சதவீதம் குறைப்பது, இந்த இரண்டு நிறுவனங்களையும் மனநல நிறுவனத்தோடு சேர்த்து ஒன்றாக்குவது. முடிவு அவர்கள் நாடாளுமன்றத்தின் கையில்.

என் யோசனை ஃபின்லாந்துப் பக்கம் போகிறது. அங்கே மது விற்பது அல்கோ என்ற அரசு நிறுவனம், நம் டாஸ்மாக் மாதிரி. 1960களில் அந்த அல்கோவின் ஆய்வுக்கூடத்திலேயே கலெர்வோ எரிக்சன் என்பவர் குடிக்கிற எலி வம்சத்தையும் குடிக்காத எலி வம்சத்தையும் பிரித்தெடுத்தார். 1968இல் அது சயன்ஸ் இதழில் வந்தது. இந்தியானாவுக்கும் முந்தைய வேலை இது. விற்கிற அரசே, ஏன் சிலர் மாட்டிக்கொள்கிறார்கள் என்று தேடவும் செலவழித்தது.

நம் டாஸ்மாக்கில் 2024-25இல் அரசுக்கு வந்தது 48,344 கோடி ரூபாய். ஆயிரம் ரூபாய்க்கு ஒரு ரூபாய் ஒதுக்கினாலே வருடம் 48 கோடி. டெல்டாவில் நடவுக் கூலியாக வந்த பணத்தில் எவ்வளவு அந்த 48,344க்குள் போயிருக்கும் என்று நம் எல்லோருக்கும் தெரியும். அந்த ஒரு ரூபாயைக் கேட்க நமக்கு உரிமை இருக்கிறது.

ஜூன் 20

"சாராயம் விற்ற காசில் ஆராய்ச்சி செய்தால் சாராயத்துக்குச் சாதகமாகத்தானே முடிவு வரும்?" கும்பகோணத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். சரியான கேள்வி. நேற்று நான் எழுதியதில் இது இல்லை, இன்று சேர்க்கிறேன்.

அமெரிக்காவிலேயே இது நடந்தது. தினம் ஓர் அளவு குடித்தால் இதயத்துக்கு நல்லதா என்று பார்க்கப் பெரிய ஆய்வு ஒன்றைத் தொடங்கினார்கள். மது நிறுவனங்களிடம் பணம் கேட்டுப் போனதே அரசு அதிகாரிகள்தான் என்று தெரிய வந்ததும், 2018 ஜூனில் என்.ஐ.எச். அதை இழுத்து மூடியது. அதனால் காசு கடையிலிருந்து வரலாம், கை அங்கிருந்து வரக் கூடாது. எந்த ஆய்வுக்கு எவ்வளவு என்பதைக் கலால் துறையோ டாஸ்மாக்கோ முடிவு செய்யக் கூடாது. இந்தச் சுவர் இல்லாமல் அந்த ஒரு ரூபாய் வேண்டாம்.

ஜூன் 27

எலி ஆராய்ச்சியால் நம்மூர் மருந்துக்கடைக்கு என்ன வந்தது என்று மன்னார்குடிக்காரர் விடாமல் கேட்கிறார். வந்திருக்கிறது.

தம்பிக்குத் தஞ்சாவூர் டாக்டர் ஒருவர் எழுதிக் கொடுத்த மாத்திரை நால்ட்ரெக்சோன். மூளையில் சாராயம் கிளப்பிவிடும் சுகத்தில் ஒரு பகுதி ஓபியாய்டு ஏற்பிகள், அதாவது அபின் மாதிரிப் பொருள்கள் போய் ஒட்டும் இடங்கள், வழியாக வருகிறது. அதை இந்த மருந்து அடைக்கிறது. 1980இல் குரங்குகளுக்குக் கொடுத்தபோது அவை சாராயத்தைக் குறைத்துக்கொண்டன. எலிகளிலும் அதே கதை. 1992இல் மனிதர்கள் மேல் செய்த சோதனைகள் வெளிவந்தன, 1994இல் அமெரிக்காவில் குடிநோய்க்கு அனுமதி கிடைத்தது. எல்லோருக்கும் பலிக்காது. என் தம்பிக்குக் குடி நிற்கவில்லை, ஆனால் பாதி பாட்டிலில் மூடி வைக்கும் நாட்கள் வந்தன. எங்கள் வீட்டில் அது சின்ன விஷயமில்லை.

இன்னொரு மாத்திரை டைசல்ஃபிராம். இது எலி ஆராய்ச்சியில் வந்ததில்லை, ஆனால் மரபணுவுக்குச் சாட்சி சொல்லும். சாராயம் உடம்பில் அசிட்டால்டிஹைடு ஆகி, பிறகு ஒரு நொதியால் கரைந்துபோகும். அந்த நொதியை இந்த மருந்து முடக்குகிறது. குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வரும். சீனா, ஜப்பான், கொரியா பக்கம் நிறையப் பேருக்கு அந்த நொதியின் மரபணுவே பிறவியில் பழுது. அதனால் அவர்களுக்குக் குடிநோய் குறைவு. நம் நாட்டில் அந்த மாற்றம் அரிது. ஒரு மரபணு குடிக்காமல் காப்பாற்ற முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி இல்லை.

இதைப் படிக்கும் அக்கா, தங்கச்சிகளுக்கு ஒன்று. "அவருக்குத் தெரியாமல் சாம்பாரில் கலந்து கொடுங்கள்" என்று விற்கும் பொடியையும் மாத்திரையையும் வாங்காதீர்கள். பல சமயம் உள்ளே இருப்பது இதுவேதான். அது தெரியாமல் மேலே ஒரு குவாட்டர் குடித்தவருக்கு ரத்த அழுத்தம் அடியோடு விழலாம், இதயம் நின்றே போகலாம். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் ராத்திரி ஒரு மணிக்கு ஆட்டோ தேடி ஓடினோம். பிழைத்தார்.

ஜூன் 28

மரபணுவைக் கேட்டால் மாத்திரையைச் சொல்கிறாயே என்று இருவர் எழுதிவிட்டார்கள். சரி, நேராகச் சொல்கிறேன். 2008இல் புகைப்பவர்களின் மரபணுக்களை மொத்தமாக அலசியபோது 15ஆவது குரோமோசோமில் ஓர் இடம் மாட்டியது. நிகோடின் ஏற்பியின் ஆல்ஃபா5 என்ற துண்டைச் செய்யும் மரபணு அங்கே இருக்கிறது. மனிதரில் அதோடு நிற்க வேண்டியதுதான், மூளைக்குள் போய்ப் பார்க்க வழியில்லை. 2011இல் பால் கென்னியின் குழு அந்த மரபணுவை எடுத்துவிட்ட சுண்டெலிகளைப் பார்த்தது. நிகோடின் கொடுத்தால், சாதாரண எலி அளவு ஏறியதும் பிடிக்காமல் நிறுத்திவிடும். இவை நிறுத்தவில்லை. மூளையில் ஹபெனுலா என்ற சின்ன இடத்தில் அந்த மரபணுவைத் திருப்பி வைத்ததும் நிறுத்தின.

பீடியோ சிகரெட்டோ ருசித்ததால் மட்டும் ஒருவன் சிக்குவதில்லை, "போதும்" என்று சொல்லும் கம்பி அறுந்திருந்தாலும் சிக்குவான் என்பது இதில்தான் தெரிந்தது. எத்தனை பேரைப் பேட்டி எடுத்தாலும் இது கிடைத்திருக்காது.

ஜூலை 12

என்.ஐ.எச். இந்த மாதம் இன்னொன்றும் சொல்லியிருக்கிறது. விலங்குகளை மட்டுமே வைத்துச் செய்யும் ஆய்வுக்கென்று இனித் தனி அழைப்பு வராதாம். மனித உயிரணு, கணினி மாதிரி போன்ற வழிகளுக்கும் இடம் இருக்க வேண்டும். நச்சுப் பரிசோதனைக்கு இது நல்ல திருப்பம், நான் வரவேற்கிறேன். ஆனால் தட்டில் வளரும் உயிரணு பாட்டிலைத் தேடிப் போகாது. வேண்டாம் என்று முடிவு செய்து மறுபடி போவது முழு உயிரின் வேலை.

பணம் நின்று நின்று வந்தால் முதலில் அழிவது எலி வம்சம்தான். மாப்பிள்ளைச் சம்பாவை நாலு வருடம் யாரும் விதைக்காமல் விட்டால் குதிரில் இருப்பது வெறும் நெல், விதை இல்லை. இதுவும் அப்படித்தான். 1984இல் என்.ஐ.எச்.சில் எட்டு வகை எலிகளைக் கலந்து உண்டாக்கிய ஒரு கூட்டம் இன்றுவரை தொடர்கிறது. சான் டியாகோவில் ஆபிரகாம் பாமர் குழு அதை வைத்துத்தான் போதை மரபணு தேடுகிறது. கருவை உறையவைத்துக் காப்பாற்றலாம்தான். ஆனால் இவற்றைப் பழக்கத் தெரிந்த ஆட்களை எதில் உறையவைப்பது?

ஜூலை 13

"எலிப் பூங்கா பற்றிப் படித்ததில்லையா? தனியாக அடைத்தால்தான் எலி போதைக்குப் போகும், கூட்டமாக விட்டால் போகாது. எல்லாம் சூழ்நிலைதான்." திருவாரூர் வாசகர்.

படித்திருக்கிறேன். 1970களின் கடைசியில் கனடாவில் புரூஸ் அலெக்சாண்டர் செய்தது. கம்பிக் கூண்டில் தனியாக இருந்த எலிகள் மார்ஃபின் தண்ணீரை அதிகம் குடித்தன, விசாலமான இடத்தில் கூட்டமாக இருந்தவை குறைவாகக் குடித்தன. மதிக்க வேண்டிய வேலை. ஆனால் பின்னால் அதையே மறுபடி செய்தபோது அந்த முடிவு அப்படியே வரவில்லை. எலியின் வகை மாறியது காரணமாக இருக்கலாம் என்று செய்தவர்களே எழுதினார்கள். சூழ்நிலையைப் பற்றிய சோதனையே கடைசியில் பரம்பரையில் வந்து நிற்கிறது.

எங்கள் தெருவில் நடந்ததைச் சொல்கிறேன். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து கடைகளை மூடினார்கள். மே 7 வரை திறக்கவில்லை. தெருவில் தினமும் குடிக்கிறவர்கள் நிறையப் பேர். பெரும்பாலோர் ஒரு வாரம் எரிச்சலாகத் திரிந்தார்கள், அப்புறம் வாசலில் உட்கார்ந்து தாயம் ஆடினார்கள். சிலர் முகம் தெளிந்து, பார்க்கவே நன்றாக இருந்தார்கள். என் தம்பிக்கு இரண்டாம் நாள் கை நடுங்கியது, மூன்றாம் நாள் சுவரில் பூச்சி ஊர்கிறது என்று தட்டிக்கொண்டே இருந்தான், அன்று ராத்திரி வலிப்பு. பக்கத்து வீட்டுக்காரர் அவனைவிடக் கூடுதலாகக் குடித்தவர். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஒரே தெரு, ஒரே பூட்டு. கடை மூடியதால் பலர் தப்பினார்கள் என்பதையும் நான் மறைக்கவில்லை. கடை எண்ணிக்கையைக் குறை என்று போராடும் பெண்கள் பக்கம்தான் நான். அந்தப் போராட்டம் என் தம்பி மாதிரி ஆட்களுக்கு மட்டும் போதாது என்கிறேன்.

ஆகஸ்ட் 5

குறுவை கதிர் வரும் நேரம். வயலில் எலி பயிரைத் தூரில் சாய்வாக வெட்டிப் போட்டிருக்கிறது. நேற்று சாயங்காலம் கிட்டி போடுகிறவர் வந்தார். மூங்கிலை வில்லாக வளைத்து நாண் கட்டி, இரையை எலி தொட்டதும் கழுத்தில் இறங்குகிற பொறி. வரப்போரம் வரிசையாக ஊன்றிவிட்டுப் போனவர், விடியும் முன் வந்து எலிகளை வாலில் கோத்துத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார். எலிக்கு இவ்வளவு என்று கூலி.

இதைப் படம் போட்டு ஒருவர், "நாம் இத்தனை எலி கொல்கிறோம், ஆய்வுக்கூட எலிக்கு மட்டும் எதற்கு அழுகை?" என்று கேட்டிருக்கிறார். இந்த வாதத்தை நான் ஏற்கவே மாட்டேன். என் பக்கத்துக்குச் சாதகமான வாதம்தான், ஆனாலும் மாட்டேன். கிட்டியில் எலி ஒரு நொடியில் போய்விடுகிறது. கொக்கெயின் ஆய்வில் ரத்தக்குழாயில் குழாய் பொருத்தி வாரக்கணக்கில் வைத்திருப்பார்கள். சுகத்தைக் காட்டிப் பிடுங்குவார்கள், கடைசியில் கொன்று மூளையை எடுப்பார்கள். பணம் கேட்கிற நான் இதையும் சொல்லித்தான் கேட்க வேண்டும்.

கல்லூரியில் கோணிப்பையில் தவளை கொண்டுவந்து கொட்டுவார்கள். பிள்ளைகளுக்கு அறுக்கச் சொல்லிக் கொடுத்தேன். 2014இல் யூஜிசி அதை நிறுத்தியபோது சில சக ஆசிரியர்கள் வருத்தப்பட்டார்கள், எனக்கு நிம்மதியாக இருந்தது. ஏற்கெனவே தெரிந்த ஒன்றைக் காட்ட ஓர் உயிர் எதற்கு? தெரியாத ஒன்றுக்காக, அதுவும் வேறு வழி இல்லாதபோது மட்டும் என்றால்தான் என் மனம் ஒப்புகிறது. நம் நாட்டில் 1960ஆம் வருட விலங்கு வதைத் தடைச் சட்டத்தின் கீழ் ஒரு மேற்பார்வைக் குழு இருக்கிறது, ஒவ்வொரு நிறுவனத்திலும் நெறிமுறைக் குழு அனுமதி வேண்டும். அந்தக் குழுவில் வெளியாள் ஒருவர் உண்மையிலேயே கேள்வி கேட்கிறாரா என்பதற்கும் அந்த ஒரு ரூபாயில் பங்கு இருக்கட்டும். சான் டியாகோவில் கொக்கெயின் எலிகளின் திசுக்களைச் சேமித்துக் கேட்பவர்களுக்கெல்லாம் அனுப்புகிறார்கள். ஒரே எலி பல கேள்விக்குப் பதில் சொன்னால், சாகிற எலி குறையும்.

ஆகஸ்ட் 6

மன்னார்குடிக்காரர் எழுதியிருக்கிறார்: "சரி டீச்சர், ஆராய்ச்சி வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் சிகிச்சை முதலில்." இதில் எனக்குச் சண்டை இல்லை. 2019இல் வெளியான எய்ம்ஸ் கணக்கெடுப்பில், குடிக்கு முழுசாக அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவருக்குத்தான் ஏதோ ஒரு சிகிச்சை கிடைத்திருக்கிறது. மீதி 37 பேரும் வீட்டுத் திண்ணையில். முதல் ரூபாய் அவர்களுக்கு, இரண்டாவது ரூபாய் ஆராய்ச்சிக்கு. இரண்டையும் 48,344 கோடி தாங்கும்.

ஆகஸ்ட் 17

ஓர் அம்மா தனியாக எழுதியிருந்தார். கணவர் குடித்தே போய்விட்டார், மகனுக்குப் பதினாலு வயது, மரபணு டெஸ்ட் எடுத்துப் பார்க்கலாமா என்று. அவர் அனுமதியோடு பதிலை இங்கே போடுகிறேன்.

வேண்டாம் அம்மா. குடிநோய்க்கு ஒரே மரபணு இல்லை. சின்னச் சின்ன மாற்றங்கள் நிறையச் சேர்ந்து செய்கிற வேலை. அவற்றைக் கூட்டிச் சொல்லும் மதிப்பெண் ஒரு தனி ஆளுக்கு இன்னும் உதவாது. அதிலும் இந்த வகை ஆய்வுகளில் மாதிரி கொடுத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் ஐரோப்பிய வம்சாவளி. பாபநாசத்துப் பையனுக்கு அது எவ்வளவு பொருந்தும்? இந்த இடைவெளியை நாம்தான் நிரப்ப வேண்டும். பெங்களூர் நிம்ஹான்ஸில் விவேக் பெனகல் போன்றவர்கள் குடிநோய்க் குடும்பத்துப் பிள்ளைகளை, அவர்கள் ஒரு சொட்டும் குடிப்பதற்கு முன்பே, பார்த்திருக்கிறார்கள். மத்திய உயிரித்தொழில்நுட்பத் துறைப் பணத்தில் அங்கே குடும்பம் குடும்பமாக ஆய்வும் நடக்கிறது. அதை டெல்டா வரை நீட்டக் காசு வேண்டும்.

மகனுக்கு நீங்கள் செய்யக்கூடியது வேறு. சான் டியாகோவில் மார்க் ஷூகிட் என்பவர் குடிநோயாளிகளின் மகன்களை இருபது வயதிலிருந்து பல வருடம் பின்தொடர்ந்தார். ஒரே அளவு குடித்தும் தள்ளாடாமல் நின்றவர்களில்தான் பின்னால் குடிநோய் அதிகம் வந்தது. இந்தியானாவின் குடிகார எலி வம்சமும் அப்படித்தான், சாராயம் அதற்கு எளிதில் ஏறாது. நம்மூரில் இதைப் பெருமையாகச் சொல்வார்கள், "எவ்வளவு அடிச்சாலும் ஸ்டெடியா நிப்பான்" என்று. என் தம்பியைப் பற்றியும் சொன்னார்கள், நாங்களும் சிரித்துக்கொண்டு கேட்டோம்.

பையனிடம் அப்பாவைப் பற்றி மறைக்காமல் சொல்லுங்கள். எப்போது தொடங்கினார், எப்படிப் போனார் என்று. திருவிழாவிலோ கல்யாணத்திலோ யாராவது நீட்டுவார்கள், அதை எவ்வளவு வருடம் தள்ளிப்போட முடியுமோ அவ்வளவு நல்லது. பதினைந்துக்கு முன் தொடங்குகிறவர்கள்தான் அதிகம் மாட்டுகிறார்கள். ஒரு நாள் அவன் குடித்துவிட்டே வந்து, "எனக்கு ஒண்ணும் ஆகலம்மா, எல்லாரும் விழுந்துட்டானுங்க, நான் நின்னேன்" என்று சொன்னால், அடிக்காதீர்கள். உட்கார வைத்து இந்த எலிக் கதையைச் சொல்லுங்கள். மறுநாளே மாவட்ட அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். சீட்டு காலையிலேயே போடுவார்கள், சீக்கிரம் போய்விடுங்கள்.